குறைந்த செலவில் வீட்டை அழகுபடுத்த: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கையில் ஒரு சிறு தொகை சேர்ந்ததும் பலர் முதலில் போவது சோபாக் கடைக்கு, இல்லையென்றால் திரைச்சீலைக் கடைக்கு. வாங்கி வந்து போட்ட பிறகுதான் பின்னால் இருக்கும் சுவர் கண்ணில் படுகிறது. வண்ணம் அடிக்க வந்தவர் ஓதத்தை, அதாவது சுவரில் ஏறிய ஈரத்தைக் காட்டுகிறார். ஓதம் பார்க்க வந்த கொத்தனார் மொட்டை மாடியைக் காட்டுகிறார். அதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது.

கடலோரத்தில் இருக்கும் நம் வீடுகளுக்கு வரிசை ரொம்ப முக்கியம். முதலில் தண்ணீர், அடுத்து மின்சாரம், பிறகு வண்ணம், அப்புறம் துணி, கடைசியில்தான் சாமான். இந்த வரிசையில் போனால் ஒரே வேலைக்கு இரண்டு முறை கூலி கொடுக்க வேண்டியிருக்காது. சிறிய தொகையில் பெரிய மிச்சம் அங்கேதான் கிடைக்கிறது.

1. எந்த மாதத்தில் தொடங்குவது

தை பாதிக்கு மேல் தொடங்கிப் பங்குனிக்குள் முடிப்பது நல்லது. வடகிழக்குப் பருவமழையில் சுவர் குடித்த தண்ணீர் காய இந்த வெயில் வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் பெயிண்டர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், அவசர வேலைதான் கிடைக்கும். பொங்கல் முடிந்த பிறகு நிதானமாகப் பேசி ஆள் பிடிக்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் வண்ணம் அடிப்பதை முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள். ஈரச் சுவரில் அடித்த பெயிண்ட் பங்குனி வெயிலில் கொப்புளம் விட்டு உரியும். மழையில் எந்த இடத்தில் ஓதம் ஏறுகிறது, எங்கே சொட்டுகிறது என்று குறித்து வைப்பதுதான் அந்த மாதங்களின் வேலை. ஈரம் படர்ந்த எல்லையைப் பென்சிலால் சுவரிலேயே கோடு போட்டு, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வெயில் காலத்தில் எல்லாச் சுவரும் நல்ல சுவராகவே தெரியும்.

2. வாங்கும் முன் கழிப்பது

பரணில் இருப்பதை எல்லாம் கீழே இறக்குங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடைக்காலமும் தொடாத பொருளை வீட்டில் வைத்திருக்கக் காரணம் இருக்கிறதா என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுங்கள். பழைய இரும்பு, பித்தளை, செய்தித்தாள் எல்லாம் எடைக்குப் போகும். அந்தப் பணத்தையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

பெரியவர்களைக் கேட்காமல் எதையும் போடாதீர்கள். அம்மாவின் பழைய மரப்பெட்டி, தாத்தாவின் ஈஸி சேர் போன்றவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே மாதிரி ஒன்றை அதிக விலைக்கு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். மனத்தாங்கல் வேறு.

காலியான அறையை இப்போது அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம், கதவு, ஜன்னல், ஒவ்வொரு சுவிட்ச் போர்டும் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வரை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். கடைக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தாள் கையில் இருக்கட்டும். வாசல் நிலையின் அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே திரும்பாத பீரோவை ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றினால் அதற்குத் தனிக் கூலி.

3. பணத்தைப் பங்கு போடுவது

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். பழைய பூச்சைக் கொத்தும்போது என்ன வெளிப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீதியில் பாதி ஓதம், வண்ணம் இரண்டுக்கும் போகட்டும். விளக்கும் துணியும் சேர்ந்து கால் பங்கு. மிச்சம்தான் சாமானுக்கும் அலங்காரத்துக்கும். இது என் கணிப்புதான். ஆனால் சாமானுக்குப் பாதிக்கு மேல் ஒதுக்கிய வீடுகளில் சுவர் வேலை அரைகுறையாக நிற்பதைத்தான் கண்டிருக்கிறேன்.

மொத்த வீட்டுக்கும் பணம் போதாவிட்டால் எல்லா அறையிலும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வேண்டாம். கூடத்தை முழுமையாக முடியுங்கள். குடும்பம் அதிக நேரம் இருக்கும் இடம் அது. படுக்கையறை அடுத்த தைக்குக் காத்திருக்கலாம்.

4. ஓதம், உப்பு, ஒழுகல்

செலவு மிச்சமாவதும் வீணாவதும் இந்த வேலையில்தான். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர், புதுச்சேரியின் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய பகுதிகளில் சுவரில் வெள்ளையாக மாவு மாதிரி பூத்திருக்கும். அது உப்பு. சுவருக்குள் ஏறிய தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்த உப்பு, தண்ணீர் ஆவியானதும் மேலே தங்கிவிடுகிறது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே எதை அடித்தாலும் உப்பு அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் ஈரம் என்றால் அடித்தளத்திலிருந்து ஏறுகிறது. கூரையை ஒட்டி ஈரம் என்றால் மொட்டை மாடி. சுவரின் நடுவில் திட்டாக இருந்தால், மறுபுறம் குளியலறைக் குழாயோ வெளிச்சுவரில் விரிசலோ இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவரில் இருக்கிறது. அறைப் பக்கம் மட்டும் வியர்த்தால் அது காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே குறையும்.

மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி வீடுகளில் அந்த அடைப்பை எடுத்தாலே ஒழுகல் குறைகிறது. தட்டோடு பதித்த தளமாக இருந்தால் ஓடுகளின் இணைப்பில் பெயர்ந்த இடங்களை மட்டும் பூசினால் போதும். தளம் முழுவதையும் உடைக்கச் சொன்னால் இன்னொரு கொத்தனாரிடமும் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

பூத்த உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். காய்ந்த தேய்ப்பானால் தேய்த்து, உதிர்வதைக் கூட்டி வெளியே கொட்டுங்கள்.

பூச்சு பொரிந்திருந்தால் ஈரக் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை கொத்திவிட்டு, செங்கல் நன்றாகக் காய விடுங்கள். காய வைக்கும் நாட்களைக் குறைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. மறுபூச்சுச் சிமெண்டில் நீர்த்தடுப்புக் கலவை சேருங்கள். பல நிறுவனங்களின் கலவையில் ஒரு மூட்டைக்கு 200 மில்லி என்று போட்டிருக்கும். உங்கள் டப்பாவில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து ஊற்றச் சொல்லுங்கள். கடற்கரை மணலையும் உப்பேறிய போர்த் தண்ணீரையும் கலவையில் சேர்க்க விடக்கூடாது. வெளியேற்றிய உப்பை நாமே உள்ளே வைத்துப் பூசியதாகிவிடும். புதுப் பூச்சுக்குத் தினம் தண்ணீர் காட்டி, 28 நாள் கழித்துத்தான் வண்ணம்.

புதுச்சேரியில் தமிழர் பகுதிப் பழைய வீடுகள் பல செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியவை. அந்தச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விட்டபடி இருக்கும். அதன் மேல் சிமெண்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தாலோ ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று பூச்சைப் பெயர்த்துவிடும். இந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பதே சரி, செலவும் குறைவு. நீற்றிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, சுவரை நனைத்து, நீர்க்க இரண்டு மூன்று முறை அடிக்க வேண்டும். காவியோ மஞ்சளோ கலந்தால் வண்ணமும் கிடைக்கும். அடிப்பவர் கண்ணுக்குக் கண்ணாடி போட வேண்டும்.

ஈரச் சுவரை வால்பேப்பராலும் பிவிசி பலகையாலும் மறைக்கச் சொல்பவர்கள் உண்டு. ஒரு மழைக்காலத்துக்குள் பின்னால் பூஞ்சை பிடித்து, அறை முழுக்க முடை நாற்றம் அடிக்கும். வீட்டில் குழந்தைக்கோ பெரியவருக்கோ வீசிங் இருந்தால் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

5. மின்சார வேலை, துளை போடுவது

வண்ணத்துக்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். டிவி எங்கே வரும், சார்ஜர் எங்கே வேண்டும், படிக்கும் மேசை எந்த மூலை என்று தாளில் குறித்துக்கொண்டு எலக்ட்ரீஷியனை ஒரே முறை அழையுங்கள். வண்ணம் அடித்த பிறகு சுவரைக் கீறி வயர் இழுத்தால் ஒட்டுப்போட்டது எப்போதும் தெரியும்.

திரைக்கம்பி, அலமாரி, படம் எல்லாவற்றுக்கும் துளைகளை இப்போதே போட்டுவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் துளைக்காதீர்கள், வயர் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணி துரு விட்டு, புதுச் சுவரில் பழுப்புக் கோடாக இறங்கும்.

6. சுவர் வண்ணம்

எவ்வளவு பெயிண்ட் என்பதை நீங்களே கணக்குப் போடுங்கள். 10க்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. ஒரு கதவுக்கு 21, ஒரு ஜன்னலுக்கு 16 கழித்தால் சுமார் 400. ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) இரண்டு கோட்டுக்கு 60 முதல் 70 சதுர அடி வரை வரும் என்று வைத்தால் 6 முதல் 7 லிட்டர் போதும். கூரைக்குத் தனிக் கணக்கு, அதற்கு வெள்ளையே நல்லது. வெளிச்சத்தைத் திருப்பித் தரும், விலையும் குறைவு.

ஆளிடம் பேசும்போது கூலி மட்டுமா, சாமானோடு சேர்த்தா என்று தெளிவாகக் கேளுங்கள். கதவு, ஜன்னல் இடத்தைக் கழித்துச் சதுர அடி போடுகிறாரா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். எத்தனை கோட், பட்டி பார்ப்பது (புட்டி பூசிச் சுவரைச் சமன் செய்வது) உண்டா, தரையை மூடித் துடைத்துக் கொடுப்பது யார் பொறுப்பு, எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை பகல் வெளிச்சத்தில் சுவரைப் பார்த்த பிறகு.

சுவரை உள்ளங்கையால் தேயுங்கள். மாவு ஒட்டினால் பழைய டிஸ்டெம்பரைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். அதன் மேல் எமல்ஷன் பிடிக்காது, சில மாதங்களில் தோல் மாதிரி உரியும். மாவு வராத நல்ல சுவருக்கு முழுவதும் பட்டி பார்க்கத் தேவையில்லை. குழியும் விரிசலும் இருக்கும் இடங்களில் மட்டும் பார்த்து, உப்புத்தாள் போட்டு, தூசியைத் துடைத்து, அந்த இடங்களில் பிரைமர் அடித்தால் போதும். கூலியிலும் சாமானிலும் பெரிய தொகை இதில் குறையும்.

வண்ண அட்டையில் பார்த்ததைவிடச் சுவரில் அடர்த்தியாகவே தெரியும். பிடித்த வண்ணத்துக்கு இரண்டு படி வெளிறியதைத் தேர்ந்தெடுங்கள். சிறிய டப்பா வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டடிச் சதுரம் அடித்து, காலையிலும் மாலையிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். அடர்த்தியான வண்ணம் வேண்டுமானால் ஒரே ஒரு சுவருக்கு வைத்துக்கொள்ளலாம். அது ஜன்னல் இருக்கும் சுவராக வேண்டாம், எதிர் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும்.

தண்ணீர் கலப்பதைக் கூட நின்று பாருங்கள். டப்பாவில் சொன்னதற்கு மேல் ஊற்றினால் இரண்டு கோட் அடித்தும் பழைய வண்ணம் எட்டிப்பார்க்கும். ஓர் அறைக்கு வேண்டியதை ஒரே நாளில் கலக்கி வாங்கி, வண்ண எண்ணை எழுதி வையுங்கள். மறுமுறை கலக்கியது சற்றே மாறினாலும் சுவர் நடுவில் தெரியும்.

7. கதவு, ஜன்னல்

பழைய கதவுகளில் பல அடுக்கு எனாமல் இருக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கை) தாண்டக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கலாம். ஆகவே காய்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்க விடாமல், நனைத்துத் தேயுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும்.

ஜன்னல் கம்பியில் துருவை முழுக்கச் சுரண்டி ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்த பிறகே எனாமல். துரு மேலேயே அடித்தால் அடுத்த மழைக்குள் பொருக்குப் பொருக்காக உதிரும்.

8. விளக்கு

கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 2700 முதல் 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரையான வார்ம் ஒயிட் எல்இடி வாங்குங்கள். சமையல்கட்டுக்கும் படிக்கும் இடத்துக்கும் 4000 போதும். 6500 கெல்வின் பளிச்சென்ற நீல வெள்ளை, இரவில் வீட்டை ஆஸ்பத்திரி மாதிரி காட்டும். கடையில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

கூரையில் ஒரே பெரிய விளக்குக்குப் பதில், மூலையில் ஒன்று, சுவரில் ஒன்று என்று 9 வாட் பல்புகளைப் பிரித்து வையுங்கள். அதே செலவில் அறையே மாறித் தெரியும்.

9. திரைச்சீலை, துணி

திரைக்கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரை அடி மேலேயும், இரு பக்கமும் அரை அடி தள்ளியும் போடுங்கள். ஜன்னல் பெரிதாகத் தெரியும், திரையை ஒதுக்கினால் காற்று முழுதாக வரும். துணியின் அகலம் கம்பியைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை வேண்டும். குறைத்தால் படுதா மாதிரி விறைத்து நிற்கும்.

கூடத்துக்குப் பருத்தித் துணியே போதும். குறிஞ்சிப்பாடி பக்கம் நெசவு நடக்கிறது. கட்டம் போட்ட கைலித் துணியைத் தைத்து மாட்டினால் கடைத் திரையைவிட எனக்கு அழகாகத் தெரிகிறது. அம்மாவின் மெல்லிய சுங்குடிப் புடவையும் அருமையாக விழும். எந்தப் பருத்தித் துணியையும் ஊற வைத்துத் துவைத்த பிறகு வெட்டுங்கள். தைத்த பிறகு சுருங்கினால் தரைக்கு மேல் ஒரு சாண் ஏறி நிற்கும்.

கெட்டியான செயற்கைக் கம்பளம் வேண்டாம். மழைக்காலத்தில் ஈரம் இழுத்து நாறும். கோரைப்பாயோ பவானி ஜமுக்காளமோ உதறி வெயிலில் போட வசதி. பழைய வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை நன்றாக இருந்தால் அதன் மேல் டைல்ஸ் ஒட்டிச் செலவழிக்காதீர்கள். பெயர்ந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் அந்தச் சிவப்பே கூடத்துக்கு அலங்காரம்.

10. சாமான்

இருப்பதைச் சீர்செய்வதில் தொடங்குங்கள். தேக்குக் கட்டிலும் நாற்காலியும் கறுத்துப் போயிருந்தால் 80, 120, 220 எண் உப்புத்தாள்களை அந்த வரிசையில், மர ரேகை ஓடும் திசையிலேயே தேய்த்து வார்னிஷ் அடியுங்கள். குறுக்கே தேய்த்தால் வார்னிஷ் போட்டதும் கீறல் எல்லாம் தெரியும்.

புதிதாக வாங்குவதென்றால் தூள் அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டைத் தவிர்த்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூரில் வீடுகளுக்குள் புகுந்தது. அரை அடி தண்ணீரில் ஒரு நாள் நின்றாலே அந்தப் பலகை ஊறி உப்பிவிடும். சமையல்கட்டுக்குப் பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 (தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட்) முத்திரை பாருங்கள். பணம் குறைவென்றால் கடப்பா கல் அலமாரிக்குத் துணித்திரை போதும், கரையானும் வராது.

தாழ்வான பகுதியில் வீடு இருந்தால் பீரோவுக்கும் கட்டிலுக்கும் அடியில் அரை அடி உயரக் கல்லோ ஸ்டாண்டோ வையுங்கள். எந்தச் சாமானும் சுவரோடு ஒட்டி நிற்கக்கூடாது. நான்கு விரல் இடைவெளி இருந்தால் பின்னால் காற்று போகும், பூஞ்சை பிடிக்காது.

11. அலங்காரம்

இதை ஒரே நாளில் வாங்கி முடிக்காதீர்கள். அறை தயாரான பிறகு ஒரு மாதம் அதில் வாழ்ந்து பாருங்கள், எந்த மூலை வெறுமையாக இருக்கிறது என்று தானே தெரியும்.

வில்லியனூரின் சுடுமண் வேலைப்பாடுகளுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. திருக்கனூரின் காகிதக்கூழ்க் கைவினைக்கும் உண்டு. ஒரு நல்ல சுடுமண் உருவம் வாசல் மூலையில் நிற்பது, சுவரெல்லாம் மாட்டிய பத்துப் பிளாஸ்டிக் பொம்மைகளைவிட வீட்டுக்கு முகம் கொடுக்கும். புதுச்சேரி ஞாயிறு சந்தையில் காந்தி வீதியில் நடந்தால் கூடை, துணி, பழைய பொருள் எல்லாம் கிடைக்கும். அளவுத் தாளோடு போங்கள். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாற்றங்கரை போகிறவர்கள் அப்படியே நாலு மண்சட்டி வாங்கிச் செடி வைக்கலாம்.

குடும்பப் படங்களை ஒரே நிறச் சட்டத்தில் போட்டு ஒரே கூட்டமாக மாட்டுங்கள். மாட்டும் முன் செய்தித்தாளைச் சட்ட அளவில் வெட்டிச் சுவரில் டேப்பால் ஒட்டிப் பாருங்கள். படக் கூட்டத்தின் நடு, தரையிலிருந்து ஏறக்குறைய 5 அடியில் வரட்டும். பலரும் கைக்கு எட்டிய உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள், அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. சட்டத்தின் பின்மூலைகளில் சிறு ரப்பர்த் துண்டு ஒட்டினால் படம் ஈரச் சுவரில் படாது.

பாட்டிலில் மணி பிளான்ட் வைத்தால் வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றுங்கள். டெங்கு கொசு வளர அந்தப் பாட்டிலே போதும்.

12. வாடகை வீடாக இருந்தால்

ஓதமும் ஒழுகலும் வீட்டுக்காரர் செலவு. மழைக்காலத்தில் எடுத்த படங்களைக் காட்டிப் பேசுங்கள். சாமான் செலவு அவருடையது, கூலி உங்களுடையது என்று முடிவாகும் வீடுகளும் உண்டு. முடிவானதைச் செய்தியாகவாவது அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், முன்பணம் திரும்ப வாங்கும்போது உதவும்.

உங்கள் பணத்தை விளக்கு, திரை, பாய், செடி என்று கூடவே எடுத்துப் போகக்கூடியவற்றில் மட்டும் போடுங்கள். புது வீட்டின் ஜன்னல் உயரம் மாறலாம், அதனால் திரையின் அடிமடிப்பில் ஒரு சாண் துணியை மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

13. முடிந்த பிறகு

மிஞ்சிய பெயிண்டைச் சிறிய டப்பாவுக்கு மாற்றி, விளிம்பு வரை நிரப்பி இறுக மூடி, அறையின் பெயரையும் வண்ண எண்ணையும் தேதியையும் எழுதி வெயில் படாத இடத்தில் வையுங்கள். பள்ளிப் பையின் உரசலையும் கிரேயான் கிறுக்கலையும் சரிசெய்ய அது போதும்.

புரட்டாசி முடிவதற்குள் மொட்டை மாடியைப் பெருக்கி, மழைநீர்க் குழாய் வாயைத் திறந்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றித் தடையில்லாமல் கீழே வருகிறதா என்று பாருங்கள். முதல் பெருமழை முடிந்த மறுநாள், பழைய பென்சில் கோடு இருந்த இடத்தையெல்லாம் கையால் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அந்தப் பத்தில் ஒரு பங்குப் பணத்தில் மிச்சம் இருப்பதை அங்கே செலவழியுங்கள்.